இடது பக்கம் திரும்பாத மாஸ்டர்

காரின் முன் இடது சக்கரத்தை மாஸ்டர் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பசிக்குதா?" என்று கேட்டார். நகர்ந்து முன் வலது சக்கரத்தைத் தட்டினார். "யார் மேலயாவது கோபமா?" பின்பக்கம் போனார். பின் வலது சக்கரத்திடம், "அசதியா இருக்கா?" என்றார். கடைசியாகப் பின் இடது சக்கரத்தின் முன்னால் குனிந்து, குரலை இறக்கி, "யாரும் இல்லாத மாதிரி இருக்கா?" என்று விசாரித்தார். ஒவ்வொரு சக்கரமும் பதில் சொல்வதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். பிறகு கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப நீங்க சுத்தி வாங்க அக்கா."

ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டது என் குற்றம்தான். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக முதல் நாளே ரோட்டில் நின்று டயரோடு குடும்பக் கதை பேச வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்றுதானே பலகையில் எழுதியிருந்தது என்று இன்னொரு முறை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

நான் தயங்குவதைப் பார்த்து அவரே விளக்கினார். "நான் குடிகாரன் அக்கா. இப்பக் குடிக்கிறதில்ல. ஆனா குடிகாரன்தான். கிளட்ச் எதுன்னு தெரியுமா?"

நான்கு வாக்கியமும் ஒரே மூச்சில், ஒரே குரலில் வந்தன. எல்லா மாணவர்களிடமும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்கிறாராம். ஒளிக்கிற விஷயம்தான் ஆளைத் தின்னும், வெளியே சொல்லிவிட்டால் அது வெறும் விஷயமாகிவிடும் என்று அவருடைய குழுவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குழு என்றால், குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிற குழு. சலவைக் கடைக்கு மேலே இருக்கிற அறையில் கூடுகிறார்கள். கீழேயிருந்து வருகிற இஸ்திரிச் சூட்டில் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டே மனம் திறக்கிறார்கள். அங்கே சொன்னதுதான் இந்த நான்கும். பசி, கோபம், அசதி, தனிமை. இவற்றில் ஒன்று முற்றினாலும் கால் தானாகக் கடைப்பக்கம் போகும். ஆகவே அவ்வப்போது உன்னையே கேட்டுப் பார்த்துக்கொள் என்றார்கள். நம் மாஸ்டருக்கு நான்கு என்றால் சக்கரம்தான் நினைவுக்கு வரும். தன்னைக் கேட்டால் தான் பொய் சொல்லிவிடக்கூடும், சக்கரம் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

சக்கரம் குறை சொன்னால் அதற்குரிய பரிகாரம் நடந்தாக வேண்டும். அதற்காக வகுப்பு நிற்கும். பசி என்றால் வாழைப்பழம். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே எப்போதும் ஒரு சீப்புக் கிடக்கும். பிரேக் போட்டால் அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். பழம் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்தே என் பிரேக்குக்கு மார்க் போடுவார். அசதி என்றால் இருக்கையைச் சாய்த்துப் போட்டுச் சிறிது நேரம் தூங்குவார். அந்த நேரத்தில் மாணவர் சும்மா இருக்கக் கூடாது. நிற்கிற காரில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் அப்படிக் காவல் இருந்தபோது என் நாத்தனார் நடைபாதையில் கடந்து போனாள். பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஆம்பிளையோடு, ஓடாத காரை மும்முரமாக ஓட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். இன்றுவரை அவள் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கோபம் என்றால் யார்மேல் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் வண்டி நகராது. ஒருமுறை அவருக்கு ரோட்டில் வெள்ளைக்கோடு போட்டவன்மேல் கோபம். கோடு கோணலாகப் போகிறதாம். இன்னொரு முறை என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரர்மேல் என்றேன். ஏன் என்றார். சொல்லி முடிக்கும்போது வகுப்பு நேரம் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று. வீட்டுக்குப் போனபோது எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டிலும் இந்த பாஷை புகுந்துவிட்டது. "இன்னைக்கு முன் வலது சரியில்ல, தள்ளியே இருங்க" என்று நான் சொன்னால் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார்.

தனிமைக்கு உள்ள வைத்தியம் போன். அவருடைய குழுவில் அவருக்குத் துணை என்று ஒருவரை ஏற்படுத்தியிருக்கிறார்கள். பழுதான கார்களைக் கட்டி இழுத்துப் போகிற இழுவை வண்டியின் டிரைவர். அவரும் குடியை விட்டவர்தான். ஆள் பீரோ மாதிரி இருப்பார், பேசவே மாட்டார். மாஸ்டர் போனைப் போட்டு, "என்ன பண்றே?" என்பார். "ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். "நானும் ஒண்ணும் இல்ல" என்பார் இவர். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வைத்துவிடுவார்கள். இதுதான் அவர்களுடைய ஆறுதல், ஆலோசனை, உபதேசம் எல்லாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இப்படி ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குப் போன் போட எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

போன் போதாத நாளும் உண்டு. அன்றைக்கு மாஸ்டர், "வாடா" என்று ஒரே வார்த்தை சொல்லி வைப்பார். இழுவை வண்டி வரும். அந்த மனிதர் இறங்கி, ஒன்றும் கேட்காமல், எங்கள் காரின் மூக்கில் கொக்கியை மாட்டித் தூக்கி, இழுத்துக்கொண்டு போய்ப் பயிற்சிப் பள்ளி வாசலில் விடுவார். கார் நன்றாகத்தான் இருக்கும். மாஸ்டர்தான் பழுது. நாங்கள் இருவரும் உள்ளே வானத்தைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்திருப்போம். வாழைப்பழங்கள் மடியில் வந்து விழும். இப்படி என்னையே பலமுறை ஊர் பார்க்க இழுத்துப் போயிருக்கிறார்கள். "ஓடாத கார்ல ஓட்டக் கத்துக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பள்ளியின் கார் எப்போதும் ரிப்பேர் என்றுதான் ஊரில் பேச்சு.

ஆள் எப்படி இருப்பார் என்று சொல்லவில்லையே. ஒல்லி. கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. நாற்பதைத் தாண்டிய முகம், ஆனால் காது மட்டும் பள்ளிக்கூடப் பையன் காது. அவரை அடையாளம் காட்டுவது இது எதுவும் இல்லை, அவருடைய வலது கால். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அந்த பிரேக்கின்மேல் அவர் கால் இல்லாத நேரம் கிடையாது. வலது ஷூவின் அடி மட்டும் தேய்ந்து காகிதமாகியிருக்கும். காரில் மட்டும் என்றில்லை. பஸ்ஸில் போனால் டிரைவருக்காக இவர் தரையை மிதிப்பார். முடிவெட்டும் இடத்தில் கத்தி காதருகில் வந்தால் மிதிப்பார். அவருடைய மனைவி கொஞ்சம் வேகமாகப் பேசினால் அதற்கும் கால் தரையில் அழுந்தும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

மனைவியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பள்ளி அந்த அம்மாள் பெயரில் இருக்கிறது. மாஸ்டர் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். காலையில் அந்த அம்மாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். மாஸ்டர் முன்னால் நின்று, "இன்னைக்கு மட்டும்" என்பார். இன்று ஒருநாள் மட்டும் குடிக்க மாட்டேன் என்று அர்த்தம். அந்த அம்மாளும் "இன்னைக்கு மட்டும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பார். இன்று ஒருநாள் மட்டும் உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். சாயங்காலம் சாவி திரும்பி வந்துவிட வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிற இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த 'இன்னைக்கு மட்டும்' அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. பற்பசையைச் சின்ன பாக்கெட்டாக ஒவ்வொன்றாகத்தான் வாங்குவார். நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு மாஸ்டர் என்று கேட்டால், "நாளையப்பத்தி நான் பேசுறதில்ல அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாளைய விவரத்தை அவர் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்காலம் முழுவதும் அந்த அம்மாளின் பொறுப்பு.

நான் கற்றுக்கொள்வதில் மந்தம் இல்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்து, பல்வலிக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே போனும் பேசி ரசீதும் போட்டவளுக்குக் கிளட்சும் கியரும் ஒரு பெரிய காரியமா? ஊரெல்லாம் ஓட்டினேன். ஒரு இடத்தைத் தவிர. தபாலாபீஸ் முனையில் இடது பக்கம் திரும்பக் கூடாது. என் மருத்துவமனை அந்த இடது தெருவின் கோடியில்தான் இருக்கிறது. முனையில் திரும்பினால் கண்ணுக்கெதிரே தெரியும். மாஸ்டர் என்னை நேராகப் போகச் சொல்லி, அடுத்த தெருவில் திருப்பி, பூங்காவைச் சுற்றி, பின்பக்கமாகக் கொண்டுபோய் அங்கே விடுவார். ஒருநாள் மறந்துபோய் அந்த முனையில் இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். கார் சுவரில் மோதியதுபோல் நின்றது. பழங்கள் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. அவர் கால் பிரேக்கை அப்படி மிதித்திருந்தது.

அந்தத் தெருவின் நடுவில் அவருடைய பழைய மதுக்கடை இருக்கிறது. அதை அவர் ஒளிக்கவில்லை. அந்த நாளில் காரை மாணவர்தான் ஓட்டுவார், ஆனால் கடை வாசலில் கார் தானாக நின்றுவிடும். மாணவருக்கு ஏன் நின்றது என்று தெரியாது. மாஸ்டர் இறங்கி, கண்ணாடியைப் பார்த்துப் பழகிக்கிட்டிருங்க, இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். "நான் நிறுத்தினேன்னு நினைக்காதீங்க அக்கா. கால் நிறுத்திச்சு. இன்னைக்கும் அந்த வாசலப் பார்த்தா அது நிறுத்தும். நின்னா நான் இறங்குவேன். இறங்கினா உள்ள போவேன். அப்புறம் சாவி கிடையாது." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோல்தான் சொன்னார்.

அப்படி வாசலில் உட்கார்ந்து கண்ணாடி பார்த்துப் பழகிய கடைசி மாணவி யார் என்பதை மாஸ்டரின் மனைவி பிறகொரு நாள் சொன்னார். அவரேதான். புருஷனிடம் கார் கற்றுக்கொள்ளப் போனவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு மாஸ்டர் உள்ளே போயிருக்கிறார். இருட்டுகிறவரை பார்த்துவிட்டு, லைசென்ஸ் இல்லாமல், அதுவரை தனியாக ஒரு அடிகூட ஓட்டாதவர், தன்னந்தனியாக வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். வந்ததும் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து பள்ளி அவர் பெயருக்கு வந்தது, மாஸ்டர் சலவைக் கடை மாடிக்குப் போனார்.

ஊர் இத்தனைக்கும் பழகிப் போயிருந்தது. லைசென்ஸ் தேர்வு நடத்துகிற ஆய்வாளர் மாறாமல் இருந்திருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திருக்காது. பழையவர் எல்லோரையும் ஆற்றோரப் பாதையில் ஓட்டச் சொல்லிப் பாஸ் போடுவார். அந்தப் பாதையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டார்கள். புதிதாக வந்தவர் தேர்வுப் பாதையை மாற்றினார். தபாலாபீஸ் முனையில் இடது.

முதலில் போனவர் ஒரு நகைக்கடை விற்பனையாளர், மாஸ்டரின் மாணவர். ஆய்வாளர் இடது என்றார். இவர் இடது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நேராகப் போய்விட்டார். கேட்டதற்கு, கை திரும்ப மாட்டேன் என்கிறது சார் என்றாராம். அடுத்து ஒரு கல்லூரி ஆசிரியை. அவரும் மாஸ்டரின் மாணவிதான். இடது என்ற சொல் காதில் விழுந்ததுமே முனையில் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடிக்கின்றன, அவர் கால் எழவில்லை. மூன்றாவதாகப் போனவர்தான் விஷயத்தை முற்றவிட்டார். பழக்கடைக்காரர். முனையில் காரை நிறுத்தி, பதற்றமில்லாமல் இறங்கி, நான்கு சக்கரத்தையும் தட்டி நலம் விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "பசிதான் சார்" என்று ஆய்வாளருக்கும் ஒரு பழம் உரித்துக் கொடுத்திருக்கிறார்.

ஆய்வாளர் பள்ளிக்கே வந்துவிட்டார். நானும் அன்று அங்கே இருந்தேன். உங்களிடம் கற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஒரே வியாதி வருகிறதே, என்னய்யா சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மாஸ்டர் எழுந்து நின்று, தான் குடிகாரன் என்பதில் ஆரம்பித்து, சக்கரம், கால், கடை, மனைவி, தலையணை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆய்வாளர் நல்லவர்தான். கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடைசியில் சொன்னார்: "இதெல்லாம் உங்க கஷ்டம், எனக்குப் புரியுது. ஆனா ஒரு ஊருக்கே இடது பக்கம் திரும்பத் தெரியாமப் போச்சே. அடுத்த தேர்வுல உங்க பள்ளி ஆள் அந்த முனையில திரும்பி, அந்தத் தெருவ நிக்காமக் கடக்கணும். நீங்க பக்கத்துல உட்காருங்க, நான் பின்னால உட்காருறேன். உங்க கால் பட்டு மணி அடிச்சா, பள்ளி அங்கீகாரத்த நான் ரத்து பண்ண எழுதிடுவேன்." மாஸ்டர் பக்கத்து பிரேக்கில் கால் வைத்து அழுத்தினால் கீச்சென்று ஒரு மணி அடிக்கும். ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்று, தேர்வு நேரத்தில் மட்டும் முடுக்கிவிடுகிற மாதிரி எல்லாப் பயிற்சிக் காரிலும் அப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

அடுத்த தேர்வுக்கு அந்தப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு ஆள். நான்தான். மற்றவர்கள் எல்லாம் சேதி தெரிந்து வேறு பள்ளிக்கு ஓடிவிட்டார்கள்.

முனைக்கே போய்ப் பழகலாம் என்றால் மாஸ்டரால் அது முடியாது. போகிற அன்றெல்லாம் இழுவை வண்டியில்தான் திரும்பினோம். ஆகவே ஆபீஸுக்குள்ளேயே தெரு போட்டோம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வரிசை நாற்காலிகள்தான் வீடுகள். தண்ணீர்க் குடம் தபாலாபீஸ். எவர்சில்வர் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு நான் ஓட்டினேன். மாஸ்டர் எனக்கு இடது பக்கத்தில் முழங்கால் மடக்கி, உட்கார்ந்த பாவனையில் நடந்து வந்தார். மதுக்கடை எங்கே என்றேன். அந்த அம்மாள் எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான்தான் மதுக்கடை என்று நாற்காலிக்கு நடுவில் நின்றுகொண்டார். குடத்தருகில் திரும்பினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாம் கியரில் நடந்தேன். அந்த அம்மாளுக்கு நேரே வந்ததும் மாஸ்டரின் வலது கால் தரையில் அழுந்தி நின்றுவிட்டது. நான் மட்டும் தட்டோடு நாலடி முன்னால் போயிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மனிதருக்கு முகமெல்லாம் வேர்வை. மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கார் கடந்து போகும், மாஸ்டர் வாசலில் நிற்பார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னைக்கு இந்த வாசல்ல காரை நிறுத்தினது உங்க கால். கிளப்பினது என் கால். ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மாஸ்டர் குனிந்து தன் வலது காலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வன்று காலையில் சாவி கைமாறியது. இன்னைக்கு மட்டும், இன்னைக்கு மட்டும். நான்கு சக்கரத்தையும் மாஸ்டர் விசாரித்தார், நானும் விசாரித்தேன். ஆய்வாளர் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, முழங்காலில் ஃபைலை வைத்துக்கொண்டார். கிளம்பி இரண்டு தெரு போயிருக்க மாட்டோம், பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா அது?" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். தலையில் மஞ்சள் விளக்குச் சுற்ற, கொக்கி தொங்க, இழுவை வண்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. டிரைவர் பக்கத்தில் அந்த அம்மாள், கைப்பையை மடியில் வைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஆளுங்கதான் சார்," என்றார் மாஸ்டர்.

ஆய்வாளருக்கு அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை என்று நினைக்கிறேன். ஃபைலைத் திறந்தார், மூடினார். நாங்கள் ஊர்வலமாகப் போனோம். நடைபாதையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஓடுகிற காருக்குப் பின்னால் இழுவை வண்டி எதற்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தபாலாபீஸ் முனை வந்தது. இடது என்றார் ஆய்வாளர். என் கால் பிரேக்குக்குத்தான் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கியரைக் குறைத்தேன், இண்டிகேட்டர் போட்டேன், திருப்பினேன். கார் திரும்பிவிட்டது. காரில் நான் அந்தத் தெருவுக்குள் அந்தப் பக்கமிருந்து நுழைந்ததே இல்லை. என் மருத்துவமனையின் பலகை கோடியில் தெரிந்தது. நடுவில் மதுக்கடையின் பச்சைக் கதவு.

கடைக்காரர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, காணாமல்போன சொந்தக்காரனைக் கண்டதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடைபாதை ஓரத்துக்கு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. பாவம், அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அதனால்தான் அவரைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

என் இடது பக்கத்தில் ஷூ பிரேக்கைத் தேடித் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மணி அடித்தால் பள்ளி போயிற்று. கார் நின்றால் மனிதரும் போனார். எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

"மாஸ்டர், பின் இடது என்ன சொல்லுது?"

அவர் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அதில் அந்த மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு அக்கா," என்றார். "நீங்க ஓட்டுங்க."

பிறகு குனிந்தார். பச்சைக் கதவு நெருங்கிக்கொண்டிருந்தது. வலது ஷூவைக் கழற்றினார், இடது ஷூவைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் வைத்து, பெல்ட்டுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஷூ இரண்டையும் மடியில் வைத்து இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ரோட்டை நேராகப் பார்த்தார்.